ஜாமீன் கையெழுத்து

மில்பிடாஸ், கலிஃபோர்னியா
மார்ச் 2, 2024

அன்புள்ள அண்ணா,

நீயும் மன்னியும் சௌக்கியமா? போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்று ஈமெயிலில் எழுதுகிறேன்.

சான் ஹோசேயில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் ஒன்று பார்த்திருக்கிறேன். விஷாகாவின் ஸ்கூலுக்கு நடந்தே போகலாம். எட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இந்த ஒற்றை அறையில் எத்தனை நாள் இருப்பது? அவளுக்குத் தனி அறை இருந்தால்தான் முழுக்க என்னோடு விடும்படி கோர்ட்டில் கேட்க முடியுமாம். ஆனால் லீஸிங் ஆபீஸில் என் சம்பளம் போதாது என்கிறார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகக் கார்டு, வீடு எல்லாம் கிரீஷ் பெயரில்தானே இருந்தது? என் பெயரில் கிரெடிட் ஹிஸ்டரியே இல்லை. நான் வாடகை தவறினால் பொறுப்பேற்பதாக யாராவது கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஊரில் எனக்கு உன்னை விட்டால் யார்?

உன் தங்கை,
மானஸா

டப்ளின், கலிஃபோர்னியா
மார்ச் 6

அன்புள்ள மானு,

படித்ததிலிருந்து மனசே சரியில்லை. உனக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறேன்? ஆனால் வீட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு ரீஃபைனான்ஸ் பண்ணிக்கொண்டிருக்கிறோம். இப்போது எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று தீக்ஷா சொல்கிறாள். அதுவும் நியாயம்தான். தவிர, கிரீஷ் என் காலேஜ் ரூம்மேட். நான் ஒரு பக்கம் சாய்ந்தேன் என்று இருக்கக் கூடாது.

இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஃபீஸ் கட்டினால் அவர்களே ஜாமீன் நிற்பார்கள். என் ஆபீஸில் புதிதாக வருகிற பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். லிங்க் அனுப்பியிருக்கிறேன். தைரியமாக இரு.

பிரியமுள்ள அண்ணா,
முகுந்த்

சான் ஹோசே
மார்ச் 23

அன்புள்ள அண்ணா,

வீடு கிடைத்துவிட்டது. நீ சொன்ன கம்பெனிதான் ஜாமீன். ஃபீஸ் ஏறக்குறைய ஒரு மாத வாடகை. போனில் பேசிய பெண், இந்த நாட்டில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

விஷாகா வெறும் கார்ப்பெட்டில் படுத்துப் பார்த்து, "ஆல் மைன்?" என்று கேட்டாள். உன் மேல் கோபமில்லை அண்ணா. ஒரு நாள் வந்து வீட்டைப் பார்.

மானு

டப்ளின்
ஏப்ரல் 3

அன்புள்ள மானு,

யாரோ ஒருத்தியிடம் சொந்தக்காரர்களே இல்லை என்று சொல்வாயா? தீக்ஷாவும் படித்துவிட்டு ரொம்ப வருத்தப்பட்டாள். நாங்கள் முக்கால் மணி நேர தூரத்தில்தானே இருக்கிறோம்?

போகட்டும். வருஷப் பிறப்பு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சாப்பிட வா. குழந்தைக்காகக் கிரீஷையும் கூப்பிட்டிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அண்ணா

சான் ஹோசே
ஏப்ரல் 9

திரு. முகுந்த் அவர்களுக்கு,

ஞாயிறன்று விஷாகாவை விடுவதற்காகக் கிரீஷின் புது அபார்ட்மென்ட்டுக்குப் போனேன். ஸ்டார்ட்-அப் என்று வேலையை விட்டவருக்கு எப்படி வீடு கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"முகுந்த்தான் சைன் பண்ணினான். ஜனவரியிலேயே. உன்கிட்ட சொல்லலையா?"

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜனவரியில் நானும் விஷாகாவும் உங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தோம். விருந்தாளிகள் வருகிறார்கள், அறை வேண்டும் என்று உங்கள் மனைவி சொன்ன பிறகுதான் மில்பிடாஸுக்குப் போனோம்.

நேற்று கோர்ட்டில் ஒரு வாரம் அவரிடம், ஒரு வாரம் என்னிடம் என்று முடிவாகிவிட்டது. குழந்தைக்கு அவர் வீட்டிலும் ஓர் அறை இருக்கிறதே.

அந்தக் கம்பெனி என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. காசு வாங்கியது, சொன்னதைச் செய்தது. அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருஷப் பிறப்பு கிரீஷின் வாரத்தில் வருகிறது. விஷாகா அவரோடு வருவாள். நான் வரமாட்டேன், இனி எதற்குமே. அவளுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது. பாயசத்தில் போட வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

மானஸா