வலப்பக்கம் கழலும் நட்டு

ஜாம்நகர், 22.6.2024
திரு. நாச்சிமுத்து, எருமப்பட்டி.

1. 3.6.2024: பழைய டிராக்டரின் இடது சக்கர நட்டு துருவேறி இறுகிவிட்டதென்று, ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி, அதன்மேல் ஏறி மிதித்தீர்கள்.

2. 5.6.2024: டீசல் டேங்குக்குப் பக்கத்திலேயே வெல்டிங் தீயால் நட்டைக் காய்ச்சினீர்கள்.

3. 6.6.2024: என் மனைவி சரிதாவை உளி பிடிக்கச் சொல்லிச் சம்மட்டியை ஓங்கினீர்கள். நான்காம் அடி அவள் வலக்கையில் விழுந்தது. மூன்று விரல்கள் நொறுங்கின.

மதிப்பிற்குரிய அப்பா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. அன்று மாலை தொலைபேசியில், "ஒண்ணுமில்ல சாமி, வெரலு லேசா நசுங்கிப்போச்சு. நட்டுதான் அசையமாட்டீங்குது" என்றீர்கள். மற்ற நட்டுகளைப் போலன்றி, அதை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்று தீபாவளிக்கே சொன்னேன். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தீர்கள். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் அதை இறுக்கத்தான் செய்தது.

நான் வந்து அதே சம்மட்டியால் அந்த டிராக்டரைத் துண்டு துண்டாக உடைப்பேன். அதுவரை நீங்கள் அதைத் தொடக்கூடாது.

வாரந்தோறும் வரும் சரிதாவின் கடிதம் இரண்டு வாரமாக வரவில்லை. அது இல்லாமல் இங்கே எனக்கு ஞாயிற்றுக்கிழமை கழிவதில்லை. இனி அவள் சொல்லச் சொல்ல நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களைப் பற்றி அவள் சொல்வதையும் ஒரு சொல் விடாமல் எழுதி, 5.7.2024க்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்புங்கள்.

ஆனந்தகுமார்