எனக்காகத் தரைக்கு இறக்கிய அடுப்பு

இன்று காலையில் கேஸ் மெக்கானிக் வந்து பழைய டியூப்பைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிவிட்டுப் போனான். வீடு முழுக்கப் புது ரப்பர் வாசனை. கூடையில் இருந்த மீன் வாசனையைக்கூட அது அடக்கிவிட்டது. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, காதில் பீடியைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு வேலை ஓடவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். நீ திருத்தப் போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

நெட்டுக்குப்பத்தில் நம் வரிசையில் முதலில் கேஸ் வந்தது நம் வீட்டுக்குத்தான். மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகையில் அவள் இருமி இருமி முகம் சிவந்துபோவாள். அதைப் பார்க்க முடியாமல்தான் நீ கேஸுக்கு எழுதிப் போட்டாய். மாட்ட வந்த மெக்கானிக் சின்ன வயசு ஆள். மேசை ஒன்றை இழுத்துப் போட்டு அடுப்பை அதன் மேல் வைத்தான், சிலிண்டரைக் கீழே நேராக நிறுத்தினான்.

"அக்கா, அடுப்பு எப்பவும் சிலிண்டர வுட ஒசரத்துல இருக்கணும். இந்த கேஸு புகை மாரி மேல போவாது, தண்ணி மாரி தரையில படுத்துக்கும். டியூப்பு ஒரே துண்டா இருக்கணும், நடுவுல ஒட்டு கூடாது. நாத்தம் வந்தா சுச்சு மேல கை வெக்காதீங்க. ரெகுலேட்டர மூடிட்டு கதவு, ஜன்னலு எல்லாத்தையும் தொறந்துடுங்க."

நீ வாசலில் வலையைச் சிக்கெடுத்தபடி "சர்தாம்பா, சர்தாம்பா" என்று தலையாட்டினாய். நீ ஒன்றையும் காதில் வாங்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

புகை போனது நிம்மதிதான். ஆனால் மேசை அடுப்பில் நின்றபடியே சமைத்து என் கால் போனது. கூடையைச் சுமந்துகொண்டு எர்ணாவூர் வரை தெருத்தெருவாக நடந்து விற்றுவிட்டு வருகிறவள் நான். அடுப்படியில் குந்துகிற நேரம்தான் என் காலுக்கு ஓய்வு. இப்போது அதுவும் இல்லை.

"இன்னாய்யா இது, மீனு விக்கத்தான் நடக்கறேன், சோறு ஆக்கவும் நின்னுகினே இருக்கணுமா?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். சும்மா சொன்னதுதான். நீ சும்மா கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் நான் விற்றுவிட்டு வந்தபோது அடுப்பு தரையில் இருந்தது. வாசல் பக்கமாக, காற்று வருகிற இடத்தில் வைத்திருந்தாய். சிலிண்டர் மூலையிலேயே நின்றது. டியூப் அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் படகு இஞ்சினில் இருந்து கழற்றிப்போட்ட டீசல் டியூப்பில் ஒரு துண்டை வெட்டி, நடுவில் பித்தளைக் குழாய் செருகி, வலை நூலால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தாய்.

"ஒட்டு கூடாதுன்னானே அந்த ஆளு?"

"ஏமே, அலையில படகு அந்த ஆட்டம் ஆடுது, ஒரு சொட்டு டீசலு ஒழுகினது கெடியாது. இங்க இன்னா, வூட்டுக்குள்ள அலையா அடிக்குது? இது என் முடிச்சு மே. குந்து."

குந்தினேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டிய பெண்டாட்டி காலுக்காக அடுப்பைத் தூக்கி இறக்குகிற ஆம்பளையை அந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை.

சில நாளில் வீட்டில் நாற்றம் வரத் தொடங்கியது. நம் ஊரில் நாற்றத்தை யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? கருவாடு ஒரு பக்கம், முகத்துவாரச் சேறு ஒரு பக்கம். மேற்கே இருக்கிற கம்பெனிகளில் இருந்து காற்று திரும்புகிற நேரமெல்லாம் அழுகின கோசு மாதிரி ஒன்று வரும். நாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவோம். கேஸ் நாற்றமும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு செல்விகூட எட்டிப் பார்த்து, "கம்பெனிக்காரன் இன்னிக்கும் தொறந்து வுட்டுட்டான்க்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள். அதனால் நானும் சாத்தினேன். கேஸ் கசிந்தால் திறக்க வேண்டிய வீட்டை நாற்றம் வரக்கூடாது என்று நன்றாக மூடி வைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் நீ கடலில் இருந்து வந்தாய். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீ கதவைத் தள்ளி உள்ளே வந்து நிலையோரமாகக் குந்தி, காதில் இருந்த பீடியை எடுத்து வாயில் வைத்தாய்.

"இன்னாமே, இந்த வெயில்ல எல்லாத்தையும் சாத்திகினு கீற?"

"கம்பெனி நாத்தம்யா. புள்ளைக்கு ஒத்துக்கல."

நீ தீக்குச்சியை எடுத்தாய். உரசப் போன கை அப்படியே நின்றது. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாய்.

"கொண்டலு அடிக்குது மே."

"அடிச்சா அடிக்கட்டும்."

"கொண்டலுன்னா கடலாண்டருந்து வர காத்து. மேக்கால கீற கம்பெனி நாத்தம் எதுல ஏறி வரும்?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. காற்று போட்டால் நாற்றம் போகுமென்று ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

"கை வெக்காத."

நீ கத்தவில்லை. அடங்கின குரல்தான், ஆனால் என் கை தானாக இறங்கிவிட்டது. மெக்கானிக் சொன்னதையெல்லாம் நீ காதில் வாங்கித்தான் இருந்தாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தீப்பெட்டியை வெளியே மணலில் வீசினாய். ரெகுலேட்டரை மூடினாய். குழந்தையைப் பாயோடு வாரி எடுத்து என்னிடம் கொடுத்து வெளியே தள்ளினாய். திரும்பப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாய். தெருவில் வெயிலில் நின்றோம். தூக்கம் கலைந்த கோபத்தில் அவள் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். நீ அவள் வாயைப் பார்த்துச் சிரித்தாய்.

மெக்கானிக்கைக் கூட்டிவரப் போனவனும் நீதான். அவன் வந்து, தரையில் கிடந்ததைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இன்னாண்ணே, அடுப்ப ஓட்டிகினு காசிமேடு போலாம்னு பாத்தியா?"

நீ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாய். அவன் நூலை அறுத்துப் பார்த்தான். முடிச்சு துளி நெகிழவில்லை. அதன் அடியில் உப்புக் காற்றில் காய்ந்திருந்த பழைய டியூப்தான் வெடித்திருந்தது. "முடிச்சு மேல தப்பு இல்ல நைனா, அத வலைக்கு வெச்சுக்க" என்றான். அடுப்பைத் திரும்ப மேசைக்கு ஏற்றினான். ஒட்டில்லாத புது டியூப்பை மாட்டி, சோப்பைத் தண்ணீரில் குழைத்து இணைப்புகளில் தடவினான். "எங்கயாச்சும் நொரை முட்டை முட்டையா கெளம்புதான்னு பாருக்கா. குச்சி கொளுத்தி மட்டும் பாக்காத." முட்டை வரவில்லை. அவன் கிளம்பின பிறகும் நீ இன்னொரு தடவை தடவிப் பார்த்தாய்.

அந்த வாரமே உடைந்த படகுப் பலகையை அறுத்து எனக்கு உயரமான முக்காலி ஒன்று செய்தாய். அதில் ஏறி உட்கார்ந்து குழம்பு கிண்டினால், "வாங்க ஜட்ஜம்மா, இன்னிக்கு யாருக்குத் தூக்கு?" என்பாய். "உனக்குத்தான்யா, வஞ்சிரத்த வித்துட்டு வூட்டுக்குக் காரப்பொடி மீன எடுத்துகினு வந்தியே" என்பேன்.

அதன் பிறகு நமக்குள் ஒரு வழக்கம் வந்தது. நான் அடுப்புப் பற்ற வைக்கப் போனால் நீ வாசலுக்குப் போவாய். "டீசலும் பீடியும் என் மூக்கக் கொன்னுடுச்சு மே, நீ மோந்து சொல்லு. காத்த நான் சொல்றேன்." நான் குனிந்து தரையோடு மோந்து பார்ப்பேன். நீ கொண்டல் என்பாய், மேற்கு என்பாய். கடலுக்குப் போன நாட்களில் கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போவாய். மேற்கு என்றால் என் மூக்கை நம்ப முடியாது, சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும்.

கடல் உன்னைக் கொண்டுபோகவில்லை. காமாலை கொண்டுபோனது. காரியம் முடிகிற வரை நம் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை, செல்வி வீட்டில் இருந்துதான் சோறு வந்தது. காரியம் முடிந்த அன்று, பால் காய்ச்சு என்றார்கள். குனிந்து மோந்து பார்த்தேன். நாற்றம் இருந்தது. குனிந்தபடியே உன் குரலுக்காகக் காத்திருந்தேன். வீடு முழுக்க ஆள் இருந்தும் ஒருவரும் காற்றைச் சொல்லவில்லை. எழுந்து வெளியே போனேன். புதிதாகத் தாலி அறுத்தவள் தெருவில் போய் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே என்று பார்த்தார்கள். காற்று என் முதுகில் அடித்தது. முன்னால் கடல். மேற்கு. உள்ளே வந்து சோப்புத் தண்ணீர் தடவினேன். நுரை கிளம்பவில்லை. பற்ற வைத்தேன்.

தினமும் அப்படித்தான். "இன்னாம்மா, வேளா வேளைக்கு வெளிய போய் நின்னுகினு?" என்று மகள் கேட்கிறாள். சின்ன வேலைதான், ஆனால் இரண்டு பேர் செய்த வேலை. கூடை சுமந்த உடம்போடு வாசலுக்குப் போய்க் காற்றைப் பார்த்து, உள்ளே வந்து குனிந்து நிமிர்வதற்குள் களைத்துப் போகிறேன். நிமிரும்போது, "ஒண்ணும் இல்லய்யா, பத்த வெக்கறேன்" என்று வாய் வாசல் பக்கம் பார்த்துச் சொல்லிவிடுகிறது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. இப்போதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பற்ற வைக்கிறேன்.