பலாமரத்தடியில் ஏற்றிய மெழுகுவர்த்தி

மிண்டனாவோ,
நவம்பர் 3, 2009

அன்புத் தங்கை பெலிசாவுக்கு,

லூமிங் எழுதுவது. உனக்கும் மகள் லிகாயாவுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும்.

நீ கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. இந்த வெயிலில் கம்பளிக் கையுறை எதற்கடி? ஆனாலும் ஐஸில் மீன் அள்ளும்போது போட்டுக்கொள்கிறேன். "லூமிங் அக்கா கனடாவுக்கே போயிட்டாங்கடா" என்று சந்தையே சிரிக்கிறது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு வழக்கம்போலப் பெரிய சிலுவையடியில் போன்சோவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லியிருந்தாய். உடல் கிடைக்காதவர்களுக்கெல்லாம் அங்கேதானே ஏற்றுகிறோம். இந்த வருஷம் நான் அங்கே ஏற்றவில்லை. மலையில், எங்கள் பழைய போராளி முகாமுக்குக் கீழே, ஓடைக்கரைப் பலாமரத்தடியில் ஏற்றினேன். உன் புருஷன் அங்கேதான் இருக்கிறான்.

அவனை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது என்று உன்னிடம் சொன்னவள் நான். அது பொய். எண்பத்தைந்தில், இயக்கத்துக்குள் இராணுவத்தின் உளவாளிகள் புகுந்துவிட்டார்கள் என்று தோழர்களே தோழர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். என்னை இரண்டு நாள் கட்டிவைத்திருந்தார்கள். ஒரு பெயர் சொல், விட்டுவிடுகிறோம் என்றார்கள். போன்சோ என்றேன். அவன் அப்போது முகாமில் இல்லை. பிறந்த குழந்தையைப் பார்க்க உன்னிடம் வந்திருந்தான். இனித் திரும்ப மாட்டான், தப்பித்துக்கொள்வான் என்று சத்தியமாக நினைத்தேன், பெலிசா.

வந்துவிட்டான். என்னைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டே வந்தான். கையில் எல்லோருக்கும் அரிசிப் பணியாரம். "எம் மகளுக்கு ஞானத்தாயா நிக்கப்போறவங்கப்பா இவங்க. இவங்களா உளவாளி? அவுத்து விடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். என்னை அவிழ்த்த கயிற்றாலேயே அவனைக் கட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. விடிவதற்குள் கொன்றுவிட்டார்கள். அடுத்த மாதம் உன் மகளைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத்துக்கு நின்றேன்.

போன மாதம் ஓய்வுபெற்ற இராணுவ உளவுக்காரர் ஒருவர் மீன் வாங்க வந்தார். அந்த முகாமில் அப்போது இருந்த உங்கள் ஆள் யார் என்று கேட்டேன். "அங்க எங்க ஆளுன்னு ஒருத்தனும் இல்லம்மா. எதுக்கு? எங்க வேலையத்தான் நீங்களே பாத்துட்டீங்களே" என்றார். மீனை வெட்டிச் சுத்தம் செய்துதான் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்கே உட்கார்ந்தாலும் பணியார வாசனை வருகிறது.

அந்த வழியாகச் சாலை போடப்போகிறார்கள். பலாமரத்தில் வெட்டுவதற்குச் சிவப்புக் குறி போட்டாயிற்று. ஈஸ்டருக்குள் வந்துவிடு. அவனை எடுத்து, பெயர் எழுதிய கல்லறையில் வைப்போம். அதன்பிறகு என்னை என்ன செய்தாலும் சரி.

லிகாயாவையும் கூட்டி வந்தால், வழியிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. பேருந்தை விட்டு இறங்கியதும், சின்ன வயதில் செய்ததுபோல, ஆசீர்வாதத்துக்காக என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைப்பாள். தெரியாமல் வைத்துவிடக் கூடாது.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
லூமிங்