முன்னால் நகர்ந்திருந்த சீட்

அன்புள்ள அம்மிணிக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பள்ளிபாளையத்தில் மகள் வீட்டில் சௌகரியமாக இருப்பாய். அன்று நான் கோபத்தில் பேசியதைப் பற்றி எழுதப்போவதில்லை. இது வேறு விஷயம்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியை விற்றபின் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஷெட்டில் கிடந்த நம் முதல் கார், அந்த மாருதியைச் சரிசெய்கிறேன். எலிக்கூட்டை எடுத்து, பேட்டரியை மாற்றியதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஆனால் ஓட்ட உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. சீட் முன்னால் நகர்ந்து, அப்படியே துருப்பிடித்து நிற்கிறது. என் உயரத்துக்கு நான் அப்படி வைப்பேனா?

இதை யார் ஓட்டியது என்று எதிர்வீட்டுச் சாரதாமணியிடம் கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க மாமா, உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க போர் போட வடக்கே போயிட்டா அக்காதானுங்க ஓட்டும். என்ற பிரசவத்துக்கே அடிச்ச மழையில நாமக்கல் கூட்டிட்டுப் போச்சுங்க."

யார் கற்றுக்கொடுத்தது? எங்கெல்லாம் போனாய்? கொல்லிமலை வளைவுகளில் ஏறினாயா? நான் ஊருக்கு வரும்போதெல்லாம் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாய். கடைசித் தடவை மட்டும் ஏன் தள்ளவில்லை? மறந்தாயா, இல்லை நான் பார்க்கட்டும் என்று விட்டாயா? நான்தான் புதுக் கார் வந்தபின் இதில் உட்காரவே இல்லையே.

"கிரீஸ் போட்டாப் பின்னால போயிருமுங்க" என்றார் பேட்டரி கொண்டுவந்த மெக்கானிக். வேண்டாம் என்றேன். உன் அளவிலேயே இருக்கட்டும்.

டேங்க்கை நிரப்பிவிட்டேன். இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அங்கே கால் நீட்ட இடமிருக்கிறது.

உன் வீட்டுக்காரன்