பொடியன் எனக்கே கிடைத்தான்

அன்புத் தம்பிக்கு,

நேற்று லாய்டின் கார் ஷெட்டில் ஃபேண்டஸி ஃபுட்பாலுக்கு ஆள் பிரித்தோம்; நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக நம் காகித அணிகளுக்கு எடுத்துக்கொண்டோம். உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உன் அணியை யாராவது நடத்தத்தானே வேண்டும்?

உனக்குப் பிடித்த மாதிரியே, பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஒரு ரிசீவர் இந்த வருஷம் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறான். பொடியன், ஐந்தடி எட்டு அங்குலம்தான். வாரம் முழுக்க அவன் வீடியோக்களைப் பார்த்தேன். எதிராளி நெஞ்சில் கை வைத்துவிட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறான். தப்பித்து ஒரு எட்டு வைத்துவிட்டானோ, அவன் நிழலைக்கூடத் தொட முடியாது. ஆனால் அந்த ஒல்லி உடம்பு எத்தனை அடி தாங்கும்? கேட்டால், "போக்கா, வேகமா போறவன் மேல எது வந்து மோதும்?" என்பாய். பைக் வாங்கியபோதும் இதையேதான் சொன்னாய்.

அதை விடு.

லாய்டை உனக்குத் தெரியும். நீ கண் வைத்த ஆளை வருஷா வருஷம் உனக்கு முன்னால் தட்டிப் பறித்துவிட்டு, "அழாதடா, பாப்பா!" என்று சிரிப்பவன். நேற்றும் எனக்கு முந்தின முறை அவனுடையதுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவனோ பந்தை உதைக்க மட்டுமே வருகிற ஒருத்தனை எடுத்தான். ஐந்தாவது சுற்றிலேயே! எல்லோரும் கடைசிச் சுற்றில் வேண்டாவெறுப்பாக எடுக்கிற ஆளை! ஒருத்தன்கூடக் கிண்டல் செய்யவில்லை. எல்லோரும் குனிந்து கையிலிருந்த பியர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொடியனை நான் எடுத்துக்கொண்டேன்.

லாய்ட் அவனைப் பறித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாதாடா?

உன் அக்கா