சூசையப்பர் லில்லி

08.10.2011
விடிய எழும்பி முதல் வேலை, ஐஸ் மீன் வருகிற ரெஜிபோம் பெட்டியில் மண் நிரப்பி நட்ட கன்றை எட்டிப் பார்த்தது. மொட்டு இல்லை. "சூசையப்பர் கையில வச்சிருக்கிற அதே வெள்ளை லில்லி" என்று சொல்லித்தான் பூக்கன்று விற்கிற அப்துல் ஹமீட் ஆடியில் கிழங்கு தந்தவர். முளைத்து நிற்கிறது வெங்காயத்தாள். பக்கத்து வீட்டுப் பெற்றிசியா நேற்று வேலிக்கு மேலால் தலை நீட்டி, "மார்த்தாக்கா, சம்பலுக்கு ரெண்டு தாள் பிடுங்கவோ?" என்றாள். நாற்பத்தாறு வயதில் தன் கல்யாணப் பூச்செண்டுக்குப் பூ வளர்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

15.10.2011
ஹமீட் நானா சைக்கிளில் வந்தார். பெட்டியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "தங்கச்சி, இது மழை லில்லி. நெடுகத் தண்ணி ஊத்தினால் இலைதான் வரும். காயவிடுங்கோ. பிறகு ஒரு நல்ல மழை விழுந்தால் நாலைஞ்சு நாளில பூத்திடும்."
"அப்ப சூசையப்பர்?"
"அவர் வச்சிருக்கிறது வேற சாதியாக்கும்."
குடிக்கவெண்டு பவுசர் லொறியில் வருகிற தண்ணியை மூன்று மாதம் களவாக ஊற்றினேனே!

21.10.2011
தண்ணி ஊற்றவில்லை. கை பரபரக்கிறது.

24.10.2011
பூ கிடக்கட்டும். என்னைக் கட்டப்போகிற சந்தியோகு வந்து, உள்ளே வராமல் படலையடியில் நின்றே கதைத்தார். "மகள் டினோஜா முகம் குடுக்கிறாளில்லை, மார்த்தா. தாய் போய் அஞ்சு வருசம்தானே. பிள்ளை ஓமெண்டாமல் கோயிலில பேர் வாசிக்கச் சொல்ல எனக்கு மனம் வருகுதில்லை."
கல்யாணம் நவம்பர் இருபத்தாறு. அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவித்தலாக எங்கள் பேர் வாசிக்க வேண்டும். ஆறாம் திகதி தொடங்காவிட்டால் நத்தாருக்கு முந்தின ஆகமன காலம் வந்துவிடும், அதில் கல்யாணம் இல்லை. பிறகு தை என்பார். பிறகு? கிழிந்த வலையைப் பொத்தவே இரண்டு மாதம் எடுக்கிற மனுசன்.
"ஆறுதலா யோசியுங்கோ" என்று சிரித்தேன். ஆறுதலாம்! எனக்கென்ன இருபது வயசே? விசரி, விசரி.

28.10.2011
மழை. தகரக் கூரை முழுக்கப் பறைமேளம். ஐயோ, இப்ப வேண்டாம்! இப்ப பூத்தால் இருபத்தாறுக்கு ஒண்டும் மிஞ்சாதே —

02.11.2011
ஆத்துமாக்கள் திருநாள். பெட்டி நிறைய வெள்ளை. முப்பத்தொரு பூ, கிட்டப்போய் மூச்சு விட்டாலே ஆடுகிறது.
படலையில் டினோஜா. பத்தொன்பது வயது. என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தாள்.
"அம்மாட கல்லறையில வைக்க வெள்ளைப்பூ சந்தையில முடிஞ்சுது. இஞ்ச இருக்கெண்டு பெற்றிசியா அன்ரி சொன்னா."
கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் வெட்டினேன். தாராள மனசெண்டில்லை. வெட்டத் தொடங்கினாப்பிறகு எங்க நிறுத்துறதெண்டு தெரியேல்லை.
"முழுக்க வெட்டிப்போட்டியள். கலியாணத்துக்கு?"
"அதுக்கு இந்த வெங்காயத்தாள் இருக்கே, பிள்ளை."
உதட்டைக் கடித்தாள். சிரிப்பா, கோபமா? பத்தடி போய்த் திரும்பி நின்றாள். "வாறதெண்டால் வாங்கோ. நாலு மணிக்குச் செபம்."
சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், முழுப் பள்ளிமுனை ஊரும் மெழுகுதிரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. பெற்றிசியாவுக்கு இனி ஒரு கிழமைக்குக் கதை இருக்கு. சந்தியோகு தலை நிமிரவில்லை. டினோஜா பாதிப் பூவை என் கையில் தந்து மெல்லச் சொன்னாள்: "தலைமாட்டில நான் வைக்கிறன். நீங்கள் கால்மாட்டில வையுங்கோ."
வைத்தேன். ஆருக்கு எந்த இடம் என்று பிள்ளைக்கு வடிவாகத் தெரியும். எனக்கும் அது போதும்போல இருந்தது.

06.11.2011
பூசையில் எங்கள் பேர் வாசித்தாயிற்று. சுவாமி என் வயதை வாசிக்கவில்லை; புண்ணியவான்.
பின்னேரம் டினோஜா அளவு நாடாவோடு வந்தாள். தையல் படிக்கிறவள். "கலியாணச் சட்டை நான் தைக்கிறன்." வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன்.
"மூச்சை விடுங்கோ சின்னம்மா. கோயிலில மயங்கி விழுந்தால் ஆர் தூக்குறது, அப்பாவே?"
விட்டேன். நாடா மூன்று அங்குலம் ஓடியது.