ஆளுக்கொரு கல்லூரி

ஜனவரி 6

வாண்டுவின் அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோமாம். நேற்று உங்கள் மகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, "என் காலேஜ் விஷயத்தை இனிமே ரெண்டு பேரும் எழுதித்தான் பேசணும். எழுதும்போது யாராலயும் கத்த முடியாது" என்று சட்டம் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ஜட்ஜ் ஆகிவிட்டாள்! அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்து கோழி கிண்டியது மாதிரிதான் இருக்கும். காலையிலிருந்து லேபில் பல்செட்டுக்கு மெழுகு செதுக்கிய கை.

நீங்கள் அனுப்பிய தரவரிசையைப் பார்த்தேன். முதலாவது கல்லூரி உங்கள் ஊரில். சரி. இரண்டாவதும் உங்கள் ஊரிலேயே. நம் ஊர்க் கல்லூரியைத் தேடித் தேடி என் கண் பூத்துப் போனது. கடைசிப் பக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறது, பாவம். ஆனால் அங்கே இவளுக்கு நிச்சயம் இடம் கிடைக்கும். கைவசம் அது ஒன்று இருக்கட்டும் என்றுதானே சொன்னேன், அதற்கு எதற்கு அந்த எகிறு எகிறினீர்கள்?

அவள் கல், மண், பாறை என்று என்னவோ ஒரு படிப்பைச் சொல்கிறாள். உங்களுக்குப் புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வாண்டுவின் அம்மா


ஜனவரி 19

வாண்டுவின் அம்மாவுக்கு,

நான் எகிறவில்லை. நான் வேலை பார்க்கும் விமான நிலையத்தில் எப்போதும் இரைச்சல், கொஞ்சம் உரக்கப் பேசினேன். அவ்வளவுதான்.

கைவசம் ஒன்று வேண்டாம் என்று நான் சொல்வேனா? லிஃப்ட் பார்க்கிறவன் நான். ஒற்றைக் கயிற்றை நம்பி ஒரு பெட்டியைக்கூடத் தொங்கவிட்டதில்லை. முதல் கல்லூரி கிடைக்காவிட்டால் இரண்டாவது இருக்கிறது. கைவசம் வைப்பதற்கு அது போதாதா? கடைசிப் பக்கம் வரைக்கும் ஏன் இறங்க வேண்டும்?

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே வேலைக்கு ஆள் எடுக்கும்போது பார்த்திருக்கிறேன். பெரிய கல்லூரியின் பேரைக் கண்டதும் மேலதிகாரியே எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார். எனக்கு இதுவரை யாரும் இழுத்துப் போட்டதில்லை. என் பிள்ளைக்குப் போட வேண்டும். அவ்வளவு ஆசைகூட இருக்கக் கூடாதா?

கல், மண் எல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. கம்ப்யூட்டர் எடுக்கச் சொல். இங்கே என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. போன வாரம் பெயிண்ட் அடித்தேன். விடுதிகூடத் தேவையில்லை.

வாண்டுவின் அப்பா


பிப்ரவரி 3

வாண்டுவின் அப்பாவுக்கு,

பரீட்சை எழுதுவதற்கு முன்பே அறைக்குப் பெயிண்டா? நல்ல கூத்து! என்ன கலர் என்று அவள் கேட்கச் சொன்னாள். பச்சையாக இருந்தால் வரமாட்டாளாம்.

பேர், பேர் என்கிறீர்கள். நீங்களும் பெரிய கம்பெனி என்ற பேருக்காகத்தானே போனீர்கள்? முதலில் மாதம் ஒரு தடவை வந்தீர்கள். அப்புறம் லீவு கிடைக்கவில்லை. அப்புறம் நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். சண்டைக்காக எழுதவில்லை. அழித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனாவில் எழுதிவிட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் ஊர்க் கல்லூரியில் என்ன குறை? வாத்தியார்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். என் வேலையிடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மழை வந்தால் குடையோடு போய் நிற்பேன்.

இருமலுக்கு மருந்து சாப்பிட்டீர்களா? போனில் இருமியது என் காதில் விழுந்தது, மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

வாண்டுவின் அம்மா


மே 22

வாண்டுவின் அம்மாவுக்கு,

கிடைத்துவிட்டது! முதல் இடத்தில் இருக்கும் கல்லூரி! விண்ணப்பத்தில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். காலையில் கூப்பிட்டார்கள். "உங்க பொண்ணு சேருறாங்களா?" என்றார்கள். "இதென்ன கேள்வி, கட்டாயம் சேருவா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நம் வாண்டு! தவழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லியைத் துரத்தியவள்!

கோபப்படாதே. உன் வளர்ப்புதான் இது. அதை இதுவரை நான் சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

அறையின் பச்சையை மாற்றி வெள்ளை அடித்துவிட்டேன்.

வாண்டுவின் அப்பா


மே 30

வாண்டுவின் அப்பாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் சரி என்று சொன்ன அதே வாரம் நம் ஊர்க் கல்லூரியிலிருந்து எனக்கும் போன். நானும் அவளைக் கேட்காமல், "கண்டிப்பா வர்றா சார்" என்று சொல்லிவிட்டேன். உங்களை முந்திக்கொள்ளலாம் என்ற கெட்டிக்காரத்தனம். இரண்டு கல்லூரியும் ஒரே நாளில் அவளுக்கு 'நல்வரவு' அனுப்பியிருக்கின்றன.

போனை எடுத்துக்கொண்டு நேராக லேபுக்கே வந்துவிட்டாள். எல்லார் முன்னாலும், "ஏம்மா, காலேஜுக்குப் போகப்போறது நானா, நீங்க ரெண்டு பேருமா?" என்றாள். "அப்பாவுக்கு நான் அங்க இருக்கணும். உனக்கு நான் இங்க இருக்கணும். அதை நேரா சொல்ல வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு ரேங்க்கு, எதுக்குக் கைவசம் ஒண்ணு?" என்று கேட்டுவிட்டு அழுதாள். என் பக்கம் அவள் சொன்னது உண்மை. உங்கள் பக்கம் என்னவென்று அந்த அறையைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று. அவளுக்கு மூன்றாவதாக ஓர் இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் ஊரிலும் இல்லை, நம் ஊரிலும் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி. உங்கள் தரவரிசையின் கடைசிப் பக்கத்தில்கூட அது கிடையாது. ஆனால் பாறைகளைப் பற்றிப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லையாம், வாரத்தில் பாதி நாள் மலைமேல்தான் வகுப்பாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடம் கிடைத்து எத்தனையோ நாளாகிறது. நாம் கேட்போம் என்று காத்திருந்தாளாம். நாம் இரண்டு பேருமே கேட்கவில்லை.

வாண்டுவின் அம்மா


ஜூன் 8

வாண்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். கீழே இருந்தவன் "அண்ணே, இறக்கட்டுமா?" என்று ரெண்டு தடவை கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

அவள் சொன்னது சரி. அறை காலியாகக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தரவரிசையை அனுப்பினேன்.

அவளைக் கூப்பிட்டு "மன்னிச்சிரு வாண்டு" என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்து என்னை அந்த மலைக் காலேஜ்ல விட்டுட்டுப் போங்க. மன்னிக்கிறதை அப்புறம் யோசிக்கிறேன்" என்கிறாள். நான் வரட்டுமா? உனக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

அன்புடன்,
நான்தான்


ஜூலை 14

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். விடுதி அறைக் கதவின் கீலை நீங்கள் ஸ்க்ரூட்ரைவர் கேட்டு வாங்கி இறுக்கினீர்களே, அது சத்தம் போடாமல் மூடுகிறதாம். வாண்டு சொல்லச் சொன்னாள். அந்தப் பிள்ளை முதல் நாளே முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்திருக்கிறது. அவ்வளவு சந்தோஷம்.

ஸ்டேஷனில் என் பையைத் தூக்கி வந்து உட்கார வைத்துவிட்டு, வண்டி கிளம்பும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இங்கே வந்த பிறகு பேச ஆள் இல்லை. நாள் முழுக்க ஊரார் பல்லோடுதான் உறவாடல். ஒன்றாவது வாயைத் திறக்க வேண்டுமே!

எங்கள் லேபுக்கு எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பார்க்க ஆள் தேடுகிறார்கள். நாலே மாடி. பேர் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன் என்று எழுதினால் நம் மகள் என்னைத் திட்டுவாள். அதனால் நேராகவே எழுதுகிறேன். நீங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எனக்கு அதுதான் ஆசை.

உங்கள்
மனைவி


ஜூலை 21

என் அன்பே,

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "பைத்தியமாய்யா உனக்கு? இந்த இடத்தை விட்டுட்டு நாலு மாடி ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். பக்கத்திலிருந்த பையன்கள் என்னைத் தனியாக இழுத்துப் போய், "அண்ணே, அங்க கிடைக்கலைன்னா? கைவசம் வேற எங்கயாவது போட்டு வச்சிருக்கீங்களா?" என்று கவலைப்பட்டார்கள்.

அந்த ஒரே இடத்துக்குத்தான் போட்டிருக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன்.

உன்
கணவன்